ஆவுடையப்பன் அண்ணாச்சியின் உள்ளங்கை

எரிகிற கரிக்கு மேலே வலது கையை நீட்டிக்கொண்டு, "ஆறு... ஏழு... எட்டு..." என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பட்டறை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். டீ வாங்கப் போன ஒருவர் தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அவர் என் மனைவி கோமதியிடம் மெல்லக் கேட்டது எனக்கும் கேட்டது.

"என்ன மைனி, அண்ணாச்சிக்கு எதுவும் நேர்ச்சையா?"

"நேர்ச்சை இல்ல, கோட்டி பிடிச்சிருக்கு" என்றாள் கோமதி.

ஒன்பது வரை எண்ணிவிட்டுக் கையை எடுத்தேன். செல்போன் வீடியோவில் சொன்ன கணக்கு இதுதான்: கம்பிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் உள்ளங்கையை வைக்க வேண்டும். ரெண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்தால் கொடும் சூடு. அஞ்சு வரை தாங்கினால் நடுச்சூடு, கோழிக்கு அதுதான் பதம். ஒன்பது தாங்கினால் இளஞ்சூடு.

இளஞ்சூடுதானே, இன்னும் கொஞ்சம் கரியை அள்ளிப் போட்டேன். கோழித் தொடைகளை வரிசையாக அடுக்கி மூடியை மூடினேன். பத்தே நிமிஷம். மூடியைத் திறந்தால், எது கரி எது கோழி என்று அடுப்புக்கே சந்தேகம் வந்திருக்கும். ஒரு துண்டை வெட்டிப் பார்த்தோம். எலும்போரம் இன்னும் ரத்தம்.

"வெளிய சுடுகாடு, உள்ள ஆஸ்பத்திரி" என்றார் தூக்குவாளிக்காரர். அதன் பிறகுதான் டீ வாங்கவே போனார்.

ஆறிப்போன ரசம்

வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவனுக்குக் கோழி சுடுகிற வேலை எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் மகள் செல்வியை ராயகிரியில் கொடுத்திருக்கிறேன். கல்யாணச் சாப்பாட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ரசத்தைத் தவிர. ரசத்திலும் குற்றமில்லை. குற்றம் என் வாயில். பந்தி விசாரிக்கிறேன் என்று வரிசையின் தலைமாட்டில் நின்று கதை அளந்துகொண்டிருந்தேன். ரச வாளியோடு வந்தவர் என்னைத் தாண்ட முடியாமல், நான் கதையை முடிப்பேன் முடிப்பேன் என்று பின்னால் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ரசம் சம்பந்தியின் இலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ரசமாக இல்லை, தீர்த்தமாக இருந்தது.

சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சம்மந்தி, ரசத்துல ஐஸ் போட்டியளோ?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ராயகிரி வீட்டில் அதற்குப் பிறகு எது ஆறிப்போனாலும், காபியோ குளிக்கிற வெந்நீரோ, எங்கள் ஊர்ப் பேரை வைத்து, "சங்கரன்கோயில் ரசம் மாதிரில்லா இருக்கு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். செல்வி போனில் முதல் தடவை அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாம் தடவையும் சிரித்தாள். மூன்றாம் தடவை சொல்லிவிட்டு, "சரி, வைக்கேன்பா" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு: 'வெட்டின காயத்துக்கு மருந்து உண்டு, விருந்துல பட்ட காயத்துக்கு மறுவிருந்துதான் மருந்து.' அந்த மறுவிருந்து பாக்கி இருந்தது. மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் முடிந்ததும் லீவு இல்லையென்று செல்வியை ராயகிரியில் விட்டுவிட்டு ஓடிவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு வாரம் லீவில் வருகிறார், அப்போது கறிவிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

"மாப்பிள்ளைக்கு என்னட்டி பிடிக்கும்?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"கிரில் சிக்கன்னா உசுருப்பா."

அவ்வளவுதான். முப்பது வருஷமாக ஜன்னலுக்கு கிரில் அடிக்கிறவன், ஒரு கோழிக்கு அடிக்க மாட்டேனா?

கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம ஊரு பிரியாணிக்கு எங்கெங்க இருந்தோ பஸ் ஏறி வாராவ. நீங்க என்னன்னா, கோழிய ஜன்னல்ல கட்டித் தொங்கவிடப் போறேங்கிய!"

மூடியில் ஒரு முள்

புதுத் தகடு வாங்கி, நீளவாக்கில் பீப்பாய் மாதிரி வளைத்து, கீல் வைத்த மூடி போட்டு, நாலு கால் வைத்து அடுப்பைச் செய்துவிட்டேன். குருவிகுளம் பக்கத்துக் கருவேலங்கரி ரெண்டு மூட்டை வந்து இறங்கியது. நின்று எரிகிற கரி. ஊதத் தேவையில்லை. ஆனால் அது எவ்வளவு சூட்டில் எரிகிறது என்று மட்டும் யாரிடமும் சொல்லாது.

முதலில் கருவிதான் வாங்கினேன். கடிகாரம் மாதிரி வட்டமாக முள் வைத்தது. மூடியின் உச்சியில் துளை போட்டு, பார்வையாக மாட்டினேன். முள் நூற்றிருபதில் நின்றது. கீழே கோழி தீய்ந்துகொண்டிருந்தது. பிறகுதான் புரிந்தது, மூடியில் மாட்டினால் அது மூடியின் சூட்டைத்தான் சொல்லும். மாடியில் குடியிருப்பவரிடம் போய்க் கீழ்வீட்டுச் சண்டையைக் கேட்ட மாதிரி.

சரி என்று கழற்றி, கம்பி மட்டத்தில் பக்கவாட்டில் துளை போட்டு மாட்டினேன். கரிக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. முள் ஒரே ஓட்டமாகக் கடைசி எண்ணைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. தட்டிப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போதுகூட அந்த அடுப்பு இன்றைக்கும் முந்நூறு டிகிரிக்கு மேல் காட்டுகிறது.

கறிக்குள்ளே குத்திப் பார்க்கிற ஊசிக் கருவி ஒன்று இருக்கிறது என்றார்கள். ஆர்டர் போடப் போனால், விருந்து முடிந்து நாலு நாள் கழித்து வரும் என்று செல்போன் சொன்னது. வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இருந்தது. நான் அதைப் பார்த்த பார்வையிலேயே கோமதி எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால், நாம் எதைத்தான் கருவி வைத்துப் பார்க்கிறோம்? பிள்ளைக்குக் காய்ச்சலா, கழுத்தில் புறங்கையை வைக்கிறோம். எண்ணெய் காய்ந்ததா, ஒரு சொட்டு மாவைப் போடுகிறோம். எங்கள் தெரு அயர்ன்காரர் பெட்டியின் அடியில் ரெண்டு சொட்டுத் தண்ணீரைத் தெறித்து, அது போடுகிற சத்தத்தை வைத்து இது பட்டுக்கு, இது காட்டனுக்கு என்று பிரிப்பார். ஒருநாள் அவரிடம், "எப்படி அண்ணாச்சி கண்டுபிடிக்கிய?" என்றேன். "சட்டையில ஓட்டை விழுந்தா அப்பம் சூடு ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றார்.

ஆகவே உள்ளங்கைதான் வழி என்று முடிவு செய்தேன். ஒன்பது எண்ணிய கதை அப்படி வந்ததுதான்.

யார் கை?

கருகிய தொடைகளைச் சுற்றி நாங்கள் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, கோமதி என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, விரலை மடக்கித் தட்டினாள். கதவைத் தட்டின சத்தம் வந்தது.

"இது கையா, செருப்பா? முப்பது வருஷமா நெருப்பைப் பிடிச்ச கைக்கு நெருப்பு சொந்தக்காரன்லா. சொந்தக்காரனைப் பத்தி எந்தக் கை உண்மை சொல்லும்?"

நியாயம்தான். கோமதியின் கையை வைக்கலாம் என்றால், அது சப்பாத்தியைத் தீயில் வெறும் விரலால் திருப்புகிற கை. அதுவும் எட்டு வரை போனது.

அந்த வாரம் புளியங்குடியிலிருந்து மச்சினன் பரமசிவம் வந்திருந்தான். கோமதியின் தம்பி, எலுமிச்சை மார்க்கெட்டில் காய் எண்ணுகிறவன். "தள்ளுங்கத்தான், இது என்ன பெரிய காரியம்" என்று கையை நீட்டினான். நீட்டினதும் தொழில் புத்தி வந்துவிட்டது. "அஞ்சு பத்து பதினஞ்சு இருவது இருவத்தஞ்சு முப்பது" என்று ஒரே மூச்சில் போய், நாற்பதில் 'ஆ' என்று கையை உதறினான்.

"ஏலே, நாப்பதா?"

"அஞ்சஞ்சா எண்ணுனேம்லா. அஞ்சால வகுத்துக்கிடுங்க."

அடுப்புக்கு முன்னால் வகுத்தல் கணக்குப் போட என்னால் ஆகாது. மெத்தென்ற கை ஒன்று வேண்டும். கூடவே நிதானமான வாயும் வேண்டும்.

நெருப்பு சைவம்தான்

நாலு வீடு தள்ளி இருக்கிற ஆவுடையப்பன் அண்ணாச்சியின் நினைவு வந்தது. கோயில் நிலங்களைப் பார்க்கிற ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவைத் தவிர வேறெதையும் அழுத்திப் பிடிக்காத கை. காபி டம்ளரைத் துண்டின் நுனியைச் சுற்றித்தான் தூக்குவார். ஆனால் ஒரு சிக்கல். அண்ணாச்சி பரம்பரைச் சைவம். முட்டை ஓடு கிடக்கிற தெருவில்கூட ஓரமாகப் போகிறவர்.

தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். ரசத்துக் கதையும், செல்வி போனை வைத்த கதையும் சொன்னேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"கோழி எப்ப வரும்?"

"நீங்க பாத்துச் சொன்ன பொறவுதான் அண்ணாச்சி."

"அப்பச் சரி. கோழி வாரதுக்கு முன்னாடி கூப்பிடும். நெருப்பு சைவம்தாம்வே."

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கையை நீட்டினார். எண்ணத் தொடங்கினார்.

"லாபம்ம்ம்..."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குத்தகை நெல்லை மரக்காலால் அளக்கிற களத்தில் வருஷக்கணக்காக நின்று கணக்குச் சொன்னவர் அவர். நெல் அளக்கிறவர்கள் 'ஒண்ணு' என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்கால் 'லாபம்'. அதையும், மரக்காலை நிரப்பி, தலையைத் தட்டி, சாக்கில் கொட்டுகிற வரைக்கும் இழுத்துச் சொல்ல வேண்டும். அதே இழுப்பு இங்கேயும் வந்துவிட்டது.

"ரெண்டேஏஏ... மூணேஏஏ..." மூணில் கையை எடுத்துக்கொண்டார்.

கோமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி மூணு நமக்கு அஞ்சரை" என்றாள்.

அன்றைக்கு வெந்த கோழி! தோல் பொன்னிறமாக, வெட்டினால் எலும்போரத்தில் தெளிந்த நீர். எத்தனை நாள் பார்த்தாலும் அண்ணாச்சி மூணு என்றால் பதம், ரெண்டு என்றால் கரியை ஒதுக்கு, நாலு என்றால் இன்னும் நாலு கரித்துண்டு போடு. அச்சுப் பிசகவில்லை. ஒரே குறை, கோழி எப்படி வந்திருக்கிறது என்று அவரிடம் கேட்க முடியாது. தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே கையால் 'எப்படி?' என்று கேட்பார். நான் கட்டைவிரலை உயர்த்துவேன். திருப்தியாக வீட்டுக்குப் போய்க் குளிப்பார்.

விருந்துக்கு மிச்சமிருந்த மூன்று வாரமும் ஒருநாள் விடாமல் வந்தார். ஓய்வு பெற்ற மனிதருக்கு இப்படி ஒரு பொறுப்பு கிடைத்தால் விடுவாரா? வீட்டிலும் அடுப்பு எரிந்தால் போய்க் கையை நீட்டிக்கொண்டு, "லாபம்ம்ம்" என்று நிற்கிறாராம். அவர் வீட்டம்மா வந்து கோமதியிடம் முறையிட்டுவிட்டுப் போனார்.

ராயகிரி வேன்

விருந்தன்று காலை பதினோரு மணிக்கு ராயகிரியிலிருந்து வேன் வந்தது. இருபது பேர். மாப்பிள்ளையும் செல்வியும் முன்னால் இறங்கினார்கள். சம்பந்தி கடைசியாக இறங்கி, நாற்காலியை அடுப்புக்கு எதிரே இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்காவது சூடா எதுவும் உண்டுமா சம்மந்தி?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வியர்த்தது. கரியின் சூட்டால் அல்ல.

ஆவுடையப்பன் அண்ணாச்சி வெளுத்த வேட்டியும் விபூதியுமாக வந்தார். கையை நீட்டினார். "லாபம்ம்ம்... ரெண்டேஏஏ... மூணேஏஏ..." கையை எடுத்தார். "பதம்!" என்றார். கோழியைக் கொண்டு வரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. காற்றில் ஒரு கங்கு தெறித்துக் கீழே விழுந்தது. நெல்லிக்காய் அளவு, சிவப்பாக. அண்ணாச்சி பேசிக்கொண்டே குனிந்து, அதை ரெண்டு விரலால் எடுத்து, அடுப்பில் திரும்பப் போட்டார்.

எல்லோரும் அவர் விரலையே பார்த்தோம். அண்ணாச்சியும் தன் விரல்களைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஏய் வே... என் கை கெட்டுப் போச்சுவே" என்றார், சத்தமே இல்லாமல்.

மூன்று வாரம் தினமும் நெருப்பில் காட்டியதில் கை காய்த்துவிட்டது. அவருடைய மூணு இப்போது எந்த மூணோ! அப்படியென்றால் இந்த நெருப்பு பதமா, கொடுமையா? கோழியோடு கோமதி வாசலில் நிற்கிறாள். சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு தடவை வெளியே சுடுகாடும் உள்ளே ஆஸ்பத்திரியுமாக வந்தால், ராயகிரியில் என் மகள் ரசத்தோடு கோழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

புதுக் கை வேண்டும். உடனே வேண்டும். வந்திருக்கிற இருபது பேரையும் கண்ணால் அளந்தேன். ஆண்கள் எல்லாம் மம்பட்டி பிடித்த கை. பெண்கள் எல்லாம் அடுப்பில் வெந்த கை. மிச்சம் ஒரே ஒரு கைதான்.

என் பார்வை போன இடத்தைச் செல்வி பார்த்துவிட்டாள்.

"யப்பா... வேண்டாம்ப்பா."

விருந்துக்கு வந்த புதுமாப்பிள்ளையின் கையில் மோதிரம் போடுவார்கள், வெற்றிலை கொடுப்பார்கள், சந்தனம் கொடுப்பார்கள். நெருப்பைக் காட்டின மாமனார் உண்டா? நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு ஆபீஸ் புத்தி. தன்னால் முடியாத பைலை அடுத்த மேசைக்குத் தள்ளத் தெரிந்தவர்.

"மாப்பிள்ளை, அந்தக் கையைக் கொஞ்சம் குடுங்க."

மாப்பிள்ளை ஜோசியம் என்று நினைத்துக்கொண்டு, பவ்வியமாக வலது கையை விரித்தார். "வெளிநாடு போற யோகம் இருக்கா சார்?"

அண்ணாச்சி அழுத்திப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. "இளநி வழுக்கை மாதிரில்லா இருக்கு! வாங்க, இங்கன வாங்க. அங்கனதான் யோகம் இருக்கு."

"என்ன நடக்கு?" சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

எனக்கு வாழ்க்கையில் முதல் தடவை, பேச வேண்டிய இடத்தில் பேச்சு வரவில்லை. செல்விதான் சொன்னாள்.

"மாமா, நெருப்பு பதமா இருக்கான்னு மெத்துனு இருக்க கைய வச்சுத்தான் பாக்கணுமாம். இந்தக் கூட்டத்துலயே உங்க மவன் கைதான் வேலையே செய்யாத கையாம்."

மாப்பிள்ளையின் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் செல்வியைப் பார்த்துச் சிரித்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்புக்குப் போனார்.

"லாபம்ம்ம்..." என்றார் அண்ணாச்சி. "ரெண்..."

"யம்மோவ்!"

கையை உதறிக்கொண்டு மாப்பிள்ளை குதித்த குதியில் செருப்பு ஒன்று தனியாகப் போய் விழுந்தது. இருபது பேரும் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"ஏலே" என்றார் சம்பந்தி, "ரெண்டு கூடத் தாங்கலையா நீ? வெக்கமா இல்ல? தள்ளு." துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தன் கையை நீட்டினார். "எண்ணும்வே!"

அண்ணாச்சி எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"போதும், எடுங்க. இது கணக்குல சேராது" என்றார் அண்ணாச்சி கறாராக. "மம்பட்டிக்கு எல்லாம் நான் எண்ண முடியாது."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. பிறகு கூட்டமே சிரித்தது.

ரெண்டுகூடத் தாங்காத நெருப்பு. கோழியைப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். கரியில் பாதியை ஒரு ஓரமாக ஒதுக்கி, கொஞ்சம் ஆற விட்டோம். மறுபடி மாப்பிள்ளை வந்தார். லாபம், ரெண்டு, மூணு. கோழி ஏறியது.

கால் மணிக்கு ஒரு தடவை மாப்பிள்ளையைக் கூப்பிட்டோம். நாலாவது தடவை கூப்பிடாமலே வந்து நின்றார். "மாமா, இந்தப் பக்கம் சூடு கம்மி, அந்தப் பக்கம் ஜாஸ்தி. துண்டை மாத்திப் போடுங்க" என்று எனக்கே வேலை சொன்னார். தடித்த தொடையை மூட்டில் கீறிப் பார்த்தேன். ரத்தமே இல்லை, தெளிந்த நீர் ஓடியது. ஆவுடையப்பன் அண்ணாச்சி தெருமுனையிலிருந்து கையால் கேட்டார். நான் ரெண்டு கட்டைவிரலையும் உயர்த்தினேன்.

சம்பந்தி சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டார். எலும்பை உறிஞ்சினார். கைகழுவினார். வேனில் ஏறினார். நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'வாழ்த்துறவனை நம்பலாம், வையுறவனை நம்பலாம், வாயத் தொறக்காதவனை நம்பாத' என்று எங்கள் பட்டறைக்கு வருகிற லோடு ஆட்டோக்காரர் சொல்வார். வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் காலை

இடையில் அண்ணாச்சியைப் பற்றி ஒரு வரி. கையைப் பழையபடி ஆக்குவதற்குத் தினமும் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "ஆறு மாசத்துல சரியாயிரும், வேற ஆளு வச்சிராதீரும்" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை செல்வி போன் செய்தாள். ஹலோ சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"என்னட்டி, அங்க எதுவும் பேச்சு வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"என்ன பேச்சு?"

"அத்தை அன்னைக்கு வந்ததுல இருந்து இவரை விட மாட்டேங்காவ. 'ஊருக்கெல்லாம் சூடு பாத்தேல்லா, தோசைக்கல்லு காஞ்சிட்டான்னு வந்து பாத்துச் சொல்லுலே'ன்னு காலைல எழுப்பி விட்டுருதாவ. பொறந்ததுல இருந்து இவரு அடுப்படிக்குள்ள வந்ததே இல்லியாம். மாமா கூடத்துல உக்காந்து சிரிக்காவ."

"சரி, கல்லு பாக்கது அவரு. தோசை சுடுதது யாரு?"

"அதுவும் இவருதான். மொத ரெண்டும் பிஞ்சு போச்சு. இது மூணாவது."

அவள் குரல் ஒரு மாதிரி குழறியது.

"ஏட்டி, அழுதியா?"

"இல்லப்பா, தின்னுக்கிட்டு இருக்கேன்" என்றாள் செல்வி. "வாயி வேகுது."